கொழும்பு போனால் விமானமும் பாருங்கள்

மகாராஜபுரத்துப் பிள்ளைகளுக்குப் போர் விமானங்களில் ஆசையா? கொழும்புப் பயணத்தில் அரை நாளை ரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள். 1951-இல் தொடங்கிய இலங்கை விமானப்படை சிறியதுதான். ஆனால் இஸ்ரேலின் கிஃபிர் ஜெட்டை வாங்கிய மிகச் சில நாடுகளில் இலங்கையும் ஒன்று. அபூர்வமான விமானம் அது!

முக்கோண இறக்கைக்கு முன்னால், பக்கவாட்டுக் காற்றுத் துவாரங்களின் மேல் குட்டி இறக்கைகள் தெரிந்தால் கிஃபிர். மூக்கு நுனியிலேயே துவாரம் என்றால் சீனாவின் எஃப்-7. நம் சூலூர் விமானப்படைத் தளத்தின் தேஜஸ் போர் விமானத்துக்கும் முக்கோண இறக்கைதான். குட்டி இறக்கை கிடையாது.

பறக்கும் விமானங்களைப் பார்க்க எட்டு மடங்கு பைனாகுலர் போதும். மடங்கு கூடினால் கை நடுக்கத்தில் விமானம் நழுவிவிடும். வால் எண்ணைத் தேதியோடு உடனே நோட்டில் எழுதுங்கள். விமானத்தள வேலியருகே மட்டும் கேமராவை எடுக்கவே வேண்டாம்.