சாய்வெழுத்தும் தமிழும்

முதுகலை மாணவர் ஒருவரின் ஆய்வேட்டை வாய்மொழித் தேர்வில் புரட்டிக்கொண்டிருந்த பேராசிரியர், ஒரு பக்கத்தில் விரலை ஊன்றி, "இந்தச் சாய்வு உரையாசிரியருடையதா, உம்முடையதா?" என்று வினவினார். புறநானூற்றுப் பழைய உரையிலிருந்து எடுத்தாண்ட அப்பகுதியில் மூன்று சொற்கள் மட்டும் வலப்புறம் சாய்ந்திருந்தன. தம் கருத்துக்கு அரணாகும் என்று எண்ணி மாணவரே அவற்றைச் சாய்த்திருந்தார். ஆயின் அதனை ஓரிடத்தும் குறிக்கவில்லை. பின்னர் அவரும் யானும் பெசன்ட் நகரிலுள்ள டாக்டர் உ.வே.சாமிநாதையர் நூல்நிலையத்திற்குச் சென்று, ஐயரவர்களின் 1894-ஆம் ஆண்டுப் பதிப்பைப் பார்த்தோம். அதில் அம்மூன்று சொற்களும் ஏனைய சொற்களோடு ஒப்ப நிமிர்ந்தே நின்றன. உரையாசிரியர் வலியுறுத்தாத ஒன்றை அவர் வலியுறுத்தியதாகக் காட்டிவிட்டது அச்சிறு சாய்வு.

சாய்வெழுத்து அச்சேறியது வெனிசு நகரில். அல்டசு மனூசியசு என்னும் பதிப்பாளர் 1501-இல் வெளியிட்ட வர்ச்சில் கவிதை நூலே முழுதும் சாய்வெழுத்தில் அமைந்த முதல் நூல். அவ்வச்சை வெட்டித் தந்தவர் பிரான்செசுகோ கிரிப்போ. இத்தாலிய அறிஞர்கள் விரைந்து எழுதிய கையெழுத்தே அதற்கு முன்மாதிரி; 'இத்தாலிக்' என்னும் பெயரும் அதனால் வந்தது. வியப்பு யாதெனில், அந்நூலில் சிற்றெழுத்துகள் மட்டுமே சாய்ந்தன. பேரெழுத்துகள் நிமிர்ந்தே நின்றன. வலியுறுத்தல் என்னும் நோக்கமும் அன்று இல்லை. நிமிர்ந்த எழுத்துக்கு இடையே சாய்ந்ததைப் புகுத்தி வேறுபாடு காட்டும் வழக்கம் பின்னர் வளர்ந்ததே. நூற்பெயர், பிறமொழிச் சொல், அழுத்தம் பெறும் சொல், உயிரினங்களின் அறிவியற் பெயர் ஆகியவற்றை ஆங்கிலத்தார் இன்று சாய்த்து அச்சிடுகின்றனர். கையெழுத்துப்படியில் ஒரு சொல்லின்கீழ்க் கோடிட்டால், அதனைச் சாய்த்துக் கோக்குக என்பது அச்சுக்கோப்பவர்க்குரிய குறிப்பு.

தமிழ் ஏட்டுச்சுவடிகளில் இவ்வகை வேறுபாட்டுக்கு இடமில்லை. புள்ளியே பெரும்பாலும் இடப்படாத எழுத்து அது. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சான காலந்தொட்டு ஈய அச்சுக்காலம் முடியத் தமிழெழுத்து பொதுவாக நிமிர்ந்தே வந்தது. இதற்குப் பொருளியற் காரணமும் உண்டு. ஆங்கிலத்திற்குப் பேரெழுத்தும் சிற்றெழுத்துமாக ஐம்பத்திரண்டு வடிவங்கள் போதும். தமிழுக்கோ உகர ஊகார வரிசைகளுக்கே எழுத்துதோறும் தனி வடிவம் வேண்டும். இன்னொரு முழுத்தொகுதியைச் சாய்வாக வார்ப்பது எந்த அச்சுக்கூடத்திற்கும் பெருஞ்செலவு. ஆகவே மூலத்தைப் பெரிய எழுத்திலும் உரையைச் சிறிய எழுத்திலும் இட்டனர். தடித்த எழுத்தும் மேற்கோட்குறியும் எஞ்சிய பணியைச் செய்தன.

செலவு ஒருபுறம் இருக்க, தமிழுக்குச் சாய்வு அத்துணை தேவைப்படவும் இல்லை என்பதே என் கருத்து. 'அவனையே கண்டேன்', 'அவனைத்தான் கண்டேன்' என்னும்போது அழுத்தம் சொல்லிலேயே அமைந்துவிடுகிறது. ஏகாரத்தின் பொருள்களாகத் தேற்றத்தையும் பிரிநிலையையும் தொல்காப்பிய இடையியல் எண்ணியிருப்பதை மாணவர்கள் அறிவர். ஆங்கிலத்தார் எழுத்தைச் சாய்த்துப் பெறுவதை நாம் ஓர் இடைச்சொல்லால் பெறுகிறோம். பிறர் கூற்றை 'என்று', 'என' ஆகியவை வேலியிட்டுப் பிரிக்கின்றன. வேம்பின் அறிவியற் பெயரை 'அசாடிராக்டா இண்டிகா' என்று எழுதும்போது சாய்த்தல் தகும். அது உலக வழக்கு.

சாய்வு எல்லா எழுத்துமுறைக்கும் ஒரே பொருள் தருவதன்று என்பதற்குச் சான்று மயிலாப்பூருக்கு அண்மையிலேயே உண்டு. திருவல்லிக்கேணியில் 1927-இல் தொடங்கப்பட்ட 'முசல்மான்' என்னும் உருது நாளிதழ் காத்திபுகளின் கையால் எழுதப்பட்டே பல்லாண்டு வெளிவந்தது. அவர்கள் எழுதிய நசுதலீக் முறையில் ஒவ்வொரு சொல்லும் வலப்புறம் உயரத்தில் தொடங்கி இடப்புறம் சரிந்து இறங்கும். அங்கே சாய்வு என்பது எழுத்தின் இயல்பான நடை; எச்சொல்லையும் தனித்துக் காட்டும் குறியன்று.

இனிக் கையெழுத்து. ஆங்கிலத்திற்கு நாலுகோட்டு ஏட்டில் வலப்புறம் சாய்த்துக் கூட்டெழுத்துப் பழகிய கை, தமிழையும் அவ்வாறே சாய்க்கிறது. ட, ப, ம போன்ற எழுத்துகளின் நேர்கோணம் அதனால் குலைகிறது. ரகரத்தையும் துணைக்காலையும் வேறுபடுத்துவது கீழேயுள்ள ஒரு சிறு கோடு. சாய்த்து விரையும்போது அதுவும் மறைந்தால், திருத்துவோர் பொருளை ஊகித்தே படிக்கவேண்டியிருக்கும். கையெழுத்தின் சாய்வைக் கொண்டு குணம் உரைப்போர் கூற்றை ஆராய்ச்சிகள் ஏற்கவில்லை. அதற்கு அஞ்ச வேண்டா.

கணினி வந்தபின் சாய்த்தல் ஒரு விசையழுத்தமாகிவிட்டது. இத்தாலிய எழுத்து சாய்வுக்கெனவே வரையப்பட்டது. அதில் சில எழுத்துகளின் உருவமே வேறு. தமிழில் பெரும்பாலும் நிமிர்ந்த எழுத்தையே எந்திரம் தள்ளிச் சாய்க்கிறது. மேலுள்ள புள்ளி அடுத்த எழுத்தின் பக்கம் ஒதுங்குகிறது. முதியோர் கண்ணுக்குப் பக்கம் முழுதும் சாய்ந்த செய்யுள் பெருந்துன்பம். தியாகராய நகரில் அச்சிட்டு வந்த விழா அழைப்பிதழ் ஒன்றைப் பெரியவர் ஒருவர் கழுத்தை ஒருபுறம் சாய்த்துப் படித்ததை யான் கண்டிருக்கிறேன்.

அம்மாணவர் ஆய்வேட்டைத் திருத்தினார். சாய்வுகளில் பெரும்பாலானவற்றை நீக்கிவிட்டார். எஞ்சிய நான்கு இடங்களில் மேற்கோளின் இறுதியில், பிறை அடைப்புக்குள், 'சாய்வு ஆய்வாளருடையது' என்று சேர்த்தார்.