வீடியோவில் சப்டைட்டிலைப் ‘பச்சை குத்த’ 14 குறிப்புகள்

லேப்டாப்பில் தமிழ் சப்டைட்டிலோடு ஒழுங்காக ஓடிய கொரியப் படத்தைப் பென் டிரைவில் ஏற்றி ஹால் டி.வி.யில் போட்டால், எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்து நிற்கும். பாட்டி சொன்ன கதையை வீடியோ எடுத்து, தமிழ் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளுக்காக ஆங்கில வரிகள் சேர்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால், வீடியோ மட்டும் போய்ச் சேரும். வரிகள் இங்கேயே தங்கிவிடும்.

இரண்டுக்கும் ஒரே வைத்தியம், வரிகளைப் படத்தின் மேலேயே பதித்துவிடுவது. தனி ஃபைலாக இருக்கும் சப்டைட்டில் ஸ்டிக்கர் பொட்டு மாதிரி. பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம். பதித்த சப்டைட்டில் பச்சை குத்தியது மாதிரி. அதனால் இந்தக் குறிப்புகளில் முக்கால்வாசி, ஊசியை எடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை.

1. முதலில், பதிப்பது அவசியம்தானா என்று பாருங்கள். லேப்டாப்பில் மட்டும் பார்ப்பதென்றால் வீடியோவுக்கும் சப்டைட்டிலுக்கும் ஒரே பெயர் கொடுத்து ஒரே ஃபோல்டரில் போட்டால் போதும். விஎல்சி பிளேயர் தானாகவே எடுத்துக்கொள்ளும். பதிப்பது நேரம் பிடிக்கும் வேலை. ஒவ்வொரு ஃபிரேமையும் பிரித்து, எழுத்தை வரைந்து, மறுபடி சுருக்க வேண்டும். வினாடிக்கு 24 ஃபிரேம் வீதம் ஓடும் இரண்டரை மணி நேரப் படத்தில் 2,16,000 ஃபிரேம்கள்!

2. இதற்குக் காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டாம். பதிப்பதற்கு ஹேண்ட்பிரேக், வரிகளைத் திருத்த சப்டைட்டில் எடிட், ஓட்டிப் பார்க்க விஎல்சி. மூன்றும் இலவசம். அவற்றின் சொந்த இணையதளத்திலிருந்தே இறக்குங்கள். வேறு இடத்தில் இறக்கினால் கேட்காததும் சேர்ந்து வந்து உட்கார்ந்துகொள்ளும்.

3. சப்டைட்டில் வரிகள் இருக்கும் எஸ்ஆர்டி ஃபைலை நோட்பேடில் ஒருமுறை திறந்து பாருங்கள். முதலில் வரிசை எண், அடுத்து நேரம், அதற்கடுத்து வசனம், கடைசியில் ஒரு வெற்று வரி. இவ்வளவுதான் அதன் அமைப்பு. நேரம் 00:01:20,500 --> 00:01:23,000 என்று இருக்கும். வினாடிக்குப் பின்னால் வருவது காற்புள்ளி. கையால் எழுதுகிறவர்கள் அதைப் புள்ளியாக்கிவிடுவதும், நடுவிலுள்ள வெற்று வரியை விட்டுவிடுவதும் வழக்கமான தவறுகள்.

4. தமிழ் வரிகளென்றால் நோட்பேடில் ‘சேவ் ஆஸ்’ போய், ‘என்கோடிங்’ என்ற இடத்தில் யுடிஎஃப்-8 தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததாக இருந்தால் அதை முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் திரையில் தமிழுக்குப் பதில் பொருளில்லாத ஆங்கில எழுத்துகள் ஓடும்.

5. உதடு அசைவதும் எழுத்து வருவதும் ஒத்துப்போகிறதா? படத்தின் தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களில் விஎல்சியில் ஓட்டிப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவு முன்னே பின்னே இருந்தால் சுலபம். ஜி, எச் விசைகளைத் தட்டினால் எழுத்து 50 மில்லிசெகண்ட் அளவில் நகரும். எழுத்து தாமதமாக வந்தால் ஜி, முந்தி வந்தால் எச். சரியாக வரும்போது திரையில் தெரியும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விஎல்சி இந்த மாற்றத்தைச் சப்டைட்டில் ஃபைலில் எழுதாது.

6. தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால் கோளாறு வேறு. 25 ஃபிரேம் வேகப் பிரதிக்கு எழுதிய வரிகளை 24 ஃபிரேம் படத்தோடு சேர்த்திருப்பீர்கள். ஒரு மணி நேரத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் விலகிவிடும். இதை எத்தனை முறை ஜி தட்டினாலும் சரிசெய்ய முடியாது. சப்டைட்டில் எடிட்டில் ‘சேஞ்ச் ஃபிரேம் ரேட்’ வசதியைப் பயன்படுத்துங்கள்.

7. ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். ஒரு வினாடிக்குள் மறைகிற வசனத்தை வயதானவர்களால் படிக்க முடியாது. பாட்டி ஒரே மூச்சில் சொன்னதையெல்லாம் எழுதாமல், சாரத்தைச் சுருக்கி எழுதுங்கள். குரல்தான் கேட்கப் போகிறதே!

8. ஹேண்ட்பிரேக்கில் வீடியோவைத் திறந்து, ‘சப்டைட்டில்ஸ்’ பகுதியில் ‘இம்போர்ட் சப்டைட்டில்’ மூலம் எஸ்ஆர்டியைச் சேருங்கள். எழுத்துக் குறியீடு யுடிஎஃப்-8 என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்தாம் குறிப்பில் எழுதிவைத்த எண்ணை ‘ஆஃப்செட்’ கட்டத்தில் போடலாம். பிறகு ‘பர்ன் இன்’ என்பதை டிக் செய்யுங்கள். பலர் பக்கத்திலுள்ள ‘டீஃபால்ட்’டை டிக் செய்துவிட்டு, டி.வி.யில் ஒன்றும் வரவில்லையே என்று குழம்புவார்கள். டீஃபால்ட் என்பது ஸ்டிக்கர் பொட்டு. பர்ன் இன்தான் பச்சை.

9. எழுத்து சின்னதாகத் தெரிந்தாலோ, ‘கொ’, ‘போ’ போன்றவற்றில் கொம்பும் காலும் இடம் மாறி நின்றாலோ எழுத்துருவை மாற்ற வேண்டும். சப்டைட்டில் எடிட்டில் எஸ்ஆர்டியை ‘அட்வான்ஸ்டு சப் ஸ்டேஷன் ஆல்ஃபா’ வடிவத்துக்கு மாற்றி, அதன் ஸ்டைலில் நிர்மலா யூஐ அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். அளவையும் அங்கேயே கூட்டலாம். வெள்ளை எழுத்துக்குக் கறுப்பு ஓரம் கொடுத்தால், வெள்ளை வேட்டிக்காரர் வந்து நிற்கும் காட்சியிலும் படிக்க முடியும். பிறகு எஸ்ஆர்டிக்குப் பதில் இந்தப் புது ஃபைலை ஹேண்ட்பிரேக்கில் சேருங்கள்.

10. அகலத்திரைப் படங்களில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை இருக்கும். ஹேண்ட்பிரேக் அதைத் தானாகவே வெட்டிவிடும். ‘டைமென்ஷன்ஸ்’ பகுதியில் ‘கிராப்பிங்’கை ‘நன்’ என்று மாற்றினால் பட்டை அப்படியே இருக்கும். வரிகள் நடிகர்களின் முகத்தை மறைக்காமல் அங்கே போய் உட்காரும். பழைய டி.வி. திரையின் ஓரத்தைத் தின்னும் என்பதால் அடி விளிம்பை ஒட்டி எழுத்தை வைக்காதீர்கள்.

11. ‘வீடியோ’ பகுதியில் எச்.264 வகையைத் தேர்ந்தெடுங்கள். இது 2003இல் வந்த முறை என்பதால் பழைய டி.வி.யும் ஓட்டும். தரத்துக்கான ஆர்எஃப் எண்ணில் ஒரு தலைகீழ்க் கணக்கு உண்டு. எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். 1080பி படத்துக்கு 20 முதல் 22 வரை போதும். ஆறு எண் குறைத்தால் ஃபைல் ஏறக்குறைய இரு மடங்காகும். ‘ஃபிரேம்ரேட்’டை ‘சேம் ஆஸ் சோர்ஸ்’ என்றே விடுங்கள். ஒலி ஏஏசி வகையில் இருந்தால் ‘பாஸ்த்ரு’ கொடுங்கள். மாற்றாத ஒலி கெடாது.

12. முழுப்படத்தையும் ஓட்டுவதற்கு முன் ஒரு பதம் பாருங்கள். ‘ரேஞ்ச்’ என்ற இடத்தில் ‘செகண்ட்ஸ்’ தேர்ந்தெடுத்து, வசனம் நிறைந்த இரண்டு நிமிடத்தை மட்டும் பதியுங்கள். அதை லேப்டாப்பில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எந்த டி.வி.யில் பார்க்கப் போகிறீர்களோ அதில் ஓட்டி, வழக்கமாக உட்காரும் நாற்காலியிலிருந்து படித்துப் பாருங்கள். திருப்தியானால் இரவில் சார்ஜரைச் செருகி, ஸ்லீப் ஆகாதபடி வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். லேப்டாப்பை மெத்தை மேல் வைக்காதீர்கள். அது நன்றாகச் சூடாகும்.

13. பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் அதில் ஏறாது. இடம் காலியாக இருந்தும் ஏற மறுப்பது இதனால்தான். டி.வி. ஏற்குமானால் எக்ஸ்ஃபேட் முறைக்கு ஃபார்மேட் செய்யுங்கள். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும் என்பதால் முதலில் வேறிடத்தில் நகலெடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் படம் மேலும் சுருங்கி மங்காது.

14. வேலை முடிந்ததும் இடத்தை அடைக்கிறதென்று பழைய வீடியோவை அழித்துவிடாதீர்கள். எஸ்ஆர்டி ஃபைலோடு சேர்த்து அதைப் பத்திரமாக வையுங்கள். பாட்டி கதையில் சின்ன அத்தையின் பெயரைத் தப்பாக எழுதியிருப்பதை என்றாவது ஒருநாள் சின்ன அத்தையே கண்டுபிடிப்பார். பதித்த பிரதியின் மேல் திருத்திய வரியைப் பதித்தால், புதுப் பெயருக்கு அடியிலிருந்து பழைய பெயரும் எட்டிப் பார்க்கும்.