மழைநீர்க் கசிவும் மோட்டார் வண்டியின் மின்கோளாறுகளும்

பருவமழைக் காலத்தில் மோட்டார் வண்டிகளின் மின்கருவிகள் காரணமின்றிப் பழுதுற்றவைபோல் தோன்றுவதுண்டு. இரவெல்லாம் மழையில் நின்ற ஜீப் காலையில் கிளம்ப மறுக்கும். ஃபியூஸ் அடிக்கடி எரிந்துபோகும். வெயில் வந்ததும் கோளாறு மறையும், ஆனால் தீர்வதில்லை. இதன் காரணத்தை அறிந்தால், நல்ல கருவியை வீணே மாற்றும் செலவைத் தவிர்க்கலாம்.

தூய நீர் மின்சாரத்தை எளிதிற் கடத்தாது. ஆயின், வண்டிக்குள் புகும் மழைநீர் புழுதியையும் உப்பையும் கரைத்துக்கொண்டு வருவதால் மின்கடத்தியாகிறது. கம்பிகளின் இணைப்பில் அது தேங்கினால் மின்னோட்டம் அதன் வழியே கசியும். அப்போது நேர்முனையிலுள்ள செம்பு அரிக்கப்பட்டுப் பச்சைக் களிம்பு படியும். நீர் உலர்ந்த பின்னரும், எஞ்சிய உப்பும் களிம்பும் காற்றின் ஈரத்தை ஈர்த்துக் கசிவுக்கு இடந்தரும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் விளக்கிக் காட்டலாம். ஒரு குவளை உப்புநீரில் இரு செப்புக் கம்பிகளை ஒன்றையொன்று தொடாதவாறு அமிழ்த்தி, 9 வோல்ட் மின்கலத்துடன் இணைக்கவும். எதிர்முனைக் கம்பியில் குமிழிகள் எழும். நேர்முனைக் கம்பி அரிக்கப்பட்டு நீர் கலங்கும். சன்னலைத் திறந்துவைத்து, சில நிமிடங்களில் சோதனையை முடிக்க வேண்டும்.

கசிவு சிறிதாயினும் விளைவு பெரிது. 45 ஆம்பியர்-மணி பாட்டரியிலிருந்து அரை ஆம்பியர் இடைவிடாது கசிந்தால், கணக்குப்படி 90 மணியில், அதாவது நான்கு நாட்களுக்குள், அது வெறுமையாகும். எஞ்சினைக் கிளப்பும் ஆற்றலை அதற்கு முன்பே இழந்துவிடும்.

கோளாறைத் தேடும் முறை வருமாறு:

1. சாவியை எடுத்து, விளக்குகள் யாவற்றையும் அணைக்கவும். பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, முனைக்கும் கம்பிக்கும் இடையே மல்ட்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் தொடராக இணைக்கவும். இந்நிலையில் எஞ்சினை இயக்கலாகாது.

2. அரைமணி கழித்து அளவைக் காண்க. பெரும்பாலான வண்டிகளில் இது 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்கும். மிகுந்திருப்பின், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கவும். எதனை எடுத்ததும் அளவு குறைகிறதோ, அந்தச் சுற்றிலேயே கசிவு உள்ளது.

3. மீட்டரை அகற்றி, எதிர்முனைக் கம்பியைக் கழற்றியே வைத்திருந்து, நீர் புகும் வழியைத் தேடவும். உள்ளே உலர்ந்த செய்தித்தாளைப் பரப்பி, வெளியே கீழிருந்து மேலாகச் சிறிது சிறிதாக நீர் வார்க்கவும். முன்கண்ணாடியின் ரப்பர் பட்டை, கதவின் வடிகால் துளை, சருகு அடைத்த முன்கண்ணாடி அடித்தொட்டி ஆகியவற்றை முதலில் நோக்குக. நீர் கம்பியின் வழியே நெடுந்தூரம் வழிந்தோடக்கூடும். ஆதலின் ஈரம் கண்ட இடமே நீர் புகுந்த இடமென்று முடிவுசெய்தல் தவறு.

4. வழியை அடைத்த பின்னரே இணைப்புகளைச் சீர்செய்க. களிம்பை மெல்லிய தூரிகையால் நீக்கி நன்கு உலர்த்தவும். கறுத்த கம்பியை, பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டிப் புதிதாக இணைக்கவும்.

இரு எச்சரிக்கைகள்: காற்றுப்பைகளுக்குரிய மஞ்சள் இணைப்புகளையும், மின்வண்டிகளிலுள்ள ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கம்பிகளையும் பயிற்சி பெற்றோரன்றிப் பிறர் தொடலாகாது. அளவு மிகுந்த ஃபியூஸையோ வெறுங்கம்பியையோ ஃபியூஸுக்கு மாற்றாக இடுவது தீவிபத்துக்கு வழிவகுக்கும்.

மரத்தடியில் வண்டியை நிறுத்தும் களப்பணியாளர்கள், மழைக்கு முன்பே சருகுகளை அகற்றி வடிகால்களைத் திறந்து வைப்பார்களாயின், இத்தகைய கோளாறுகளுள் பல தோன்றாமலே போகும்.