ஒரே 'இல்', மூன்று ஆங்கிலச் சொற்கள்



கட்டுரை நோட்டுகளில் சிவப்பு மையை அதிகம் குடிப்பவை 'இன்', 'ஆன்', 'அட்' என்னும் மூன்று சிறு சொற்களே. அகராதி பார்த்துப் பெரிய சொற்களைப் பிழையின்றி எழுதும் பெண்களும் இங்கே இடறுகிறார்கள். இது அறியாமையன்று, தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதுவதன் விளைவு.

தாம்பரத்தில் குடியிருக்கிறோம். மின்சார ரயில் தாம்பரத்தில் நிற்கிறது. வீடு ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது. மூன்றிலும் ஒரே 'இல்'. ஆங்கிலத்திலோ முதலாவதற்கு 'இன்'. ஊர் நம்மைச் சூழ்ந்திருக்கிறது. இரண்டாவதற்கு 'அட்', கடற்கரையிலிருந்து வரும் வண்டிக்குப் பல்லாவரம், குரோம்பேட்டை போலத் தாம்பரமும் ஒரு புள்ளி. மூன்றாவதற்கு 'ஆன்', சாலை ஒரு கோடு, வீடு அதைத் தொட்டு நிற்கிறது. காலத்துக்கும் இப்படியே: டிசம்பர் மாதத்துக்கு 'இன்', 25ஆம் தேதிக்கு 'ஆன்', நள்ளிரவுத் திருப்பலி தொடங்கும் 12 மணிக்கு 'அட்'.

அதனால் தமிழை ஏழை என்று எண்ணிவிடாதீர்கள். நன்னூலார் ஏழாம் வேற்றுமைக்கு 28 உருபுகளை அடுக்குகிறார். 'மேல்', 'உள்' இரண்டும் அவற்றில் உண்டு. 'இல்' வரும் இடத்தில் இவற்றைப் போட்டுப் பாருங்கள். பெட்டியில் என்பது பெட்டிக்குள், ஆகவே 'இன்'. மேசையில் என்பது மேசை மேல், ஆகவே 'ஆன்'.

இன்னொரு பிழை, வேண்டாத இடத்தில் சேர்ப்பது. நான் ஒரு நேர்முகத் தேர்வில் 'டிஸ்கஸ் அபவுட்' என்று சொல்லிவிட்டேன். எதிரே இருந்தவர் புன்னகை செய்தார், வேலை கிடைக்கவில்லை. தமிழையே கேட்டிருந்தால் தப்பியிருப்பேன். பாடத்தை விவாதித்தோம் என்றால் 'டிஸ்கஸ்ட் தி லெசன்'; பாடத்தைப் பற்றிப் பேசினோம் என்றால்தான் 'டாக்ட் அபவுட் தி லெசன்'. நான் இரண்டையும் கலந்துவிட்டேன். தாம்பரத்தை அடைந்தோம் என்பதற்கு 'ரீச்ட் தாம்பரம்'; தாம்பரத்துக்கு வந்தோம் என்பதற்கு 'கேம் டு தாம்பரம்'. அவரை மணந்தாள் என்பதற்கு 'மேரீட் ஹிம்', 'வித்' வேண்டாம். 'ஐ' உருபு வருமிடத்தில் பெரும்பாலும் இப்படித்தான். 'எப்போதும்' என்று சொல்லத் துணியமாட்டேன். 'என்னைப் பார்' என்பதில் 'ஐ' இருந்தும் 'லுக் அட் மீ' என்றே சொல்ல வேண்டும்.

ஒரு சிறு பயிற்சி. 'திங்கட்கிழமை காலை 8 மணிக்குக் குரோம்பேட்டையில் ரயில் ஏறினேன்.' ஆங்கிலத்தில் எழுதி, தாளை என் மேசையில் வைத்துவிடுங்கள். மேசை மேல், இழுப்பறைக்குள் அல்ல.