பருவகால ஆலோசனை: ஐப்பசி மழையும் ஆகாயத்தாமரைக்குள் விராலும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியில் சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளில் நீர் ஏறி, கோடையில் காய்ந்து கிடந்த கரையோரக் கோரையும் சம்பும் மூழ்குவதால், விரால் மீன் இரை தேடி முழங்கால் ஆழ நீருக்கே வந்துவிடுகிறது. ஆகவே மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளிலிருந்து தூண்டிலுடன் புறப்படுவோர் இப்போது கரையோரச் செடிகளிலேயே கவனம் வைக்க வேண்டும். செவுளோடு, தலைக்குள் அமைந்த துணைச் சுவாச உறுப்பாலும் மூச்சுவிடும் மீன் என்பதால், ஆகாயத்தாமரை மூடி உயிர்வளி குறைந்த நீரிலும் விரால் தங்கும். ஆனால் அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கியாக வேண்டும். இலைகளுக்கிடையே உள்ளங்கை அகலமே உள்ள திறப்பில் 'பளக்' என்ற ஓசை எழுந்து, இரண்டு மூன்று குமிழிகள் மிதந்து நின்றால் அங்கே மீன் இருக்கிறது.

இத்தகைய இடத்துக்கு ரப்பர் தவளையே முதல் தேர்வு. அமெரிக்காவில் பாஸ் மீனுக்குப் புகழ்பெற்ற இந்தச் செயற்கை இரை உள்ளே வெற்றிடமாக இருக்கும். அதன் இரட்டை முள் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி நிற்பதால் செடியில் சிக்காது, மீன் கவ்வி உடல் நசுங்கும்போது மட்டுமே முனை வெளிப்படும். திறப்புக்கு அப்பால் எறிந்து, இலைகளின் மேல் துள்ளித்துள்ளி இழுத்து, திறப்பை அடைந்ததும் சற்று நிறுத்த வேண்டும். விரால் பாய்ந்த கணமே சுண்டுவதுதான் பலரும் செய்யும் பிழை. தூண்டில் நரம்பு இறுகும்வரை பொறுத்து, பிறகு ஓங்கி இழுத்து, மீனின் தலையைச் செடிக்கு மேலேயே வைத்திருக்க வேண்டும். இதற்கு 40 முதல் 50 பவுண்டு தாங்கும் பிரெய்டு, அதாவது இழைகளைப் பின்னிச் செய்த நீளாத நரம்பும், விறைப்பான கோலும் தேவை. நீருக்குள் வளரும் வேலம்பாசியின் ஓரத்தில், முள் முனையை உடலுக்குள் புதைத்த ரப்பர் புழு பொருந்தும்.

உயிர்த் தவளையை முள்ளில் கோக்கும் பழக்கத்தை இந்தப் பருவத்திலாவது கைவிடுவது மிக அவசியம். தவளைகள் இனம் பெருக்குவதும் இந்த மழையில்தான். விராலும் மழையிலேயே முட்டையிட்டு, செம்மஞ்சள் நிறக் குஞ்சுக் கூட்டத்தின் அடியில் தாயும் தந்தையுமாகக் காவல் நிற்கும். அக்காவல் மீன் எதையும் தாக்கும், எளிதில் சிக்கும். அதைப் பிடித்துவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும் என்பதால், நீர்மட்டத்தில் குஞ்சுகள் கொதிப்பதுபோல் தெரியும் இடத்தில் தூண்டில் போடவே கூடாது.

நகருக்குள் சேத்துப்பட்டு ஏரிப் பூங்காவில் மீன்வளத் துறையின் அன்றைய அனுமதியைக் கேட்டறிந்து செல்லலாம். 2022இல் ராம்சார் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் கோயில் தெப்பக்குளங்களையும் விட்டுவிட வேண்டும். கழிவுநீர் கலக்கும் அடையாறு ஆற்றின் மீன் உணவுக்கு ஏற்றதன்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நீர் திறக்கும் அறிவிப்பு வந்தால், 2015 டிசம்பர் வெள்ளத்தை நினைவில் வைத்து, அந்த ஆற்றங்கரைக்குப் போவதையே தவிர்க்க வேண்டும். செடியில் சிக்கிய நரம்பை அறுத்துவிட்டு வந்தால் முக்குளிப்பானும் நீர்க்காகமும் அதில் மாட்டும் என்பதால், எட்டும் அளவுக்கு இழுத்துச் சுருட்டி எடுத்து வர வேண்டும்.