பேக்கப் எடுத்தாச்சா? திறந்து பார்த்தீங்களா?

2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில், பேக்கப் எடுக்கும் நிரலில் இருந்த பிழையால், ஆய்வாளர்கள் சேமித்து வைத்திருந்த சுமார் 77 டெராபைட் கோப்புகள் அழிந்துபோயின. சில குழுக்களின் தரவை மீட்கவே முடியவில்லை. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்!

நமக்கு என்ன பாடம்? அலுவலகக் கணினியோ, உங்கள் கைப்பேசியோ, '3-2-1' விதியைப் பின்பற்றுங்கள்:

• முக்கியமான கோப்புக்கு 3 பிரதிகள்
• 2 வகைச் சேமிப்புச் சாதனங்கள்
• அதில் 1 பிரதி வேறு இடத்தில்

ஹார்ட் டிஸ்க்கை எப்பவும் கணினியிலேயே செருகி வைக்காதீங்க; ரான்சம்வேர் புகுந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

மாதம் ஒருமுறை, பிரதியிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பாருங்க. திறக்கலைன்னா, உங்களிடம் பேக்கப் இல்லை என்றே அர்த்தம்.