காரைக்காலிலிருந்து பாரிசுக்கு

சோழ வளநாட்டின் கடற்கரையில், அரசலாறு கடலொடு கலக்குமிடத்தில் அமைந்துள்ள பழைய துறைமுக ஊர் காரைக்கால். ஒருபுறம் கடலும் மறுபுறங்களில் தமிழ்நாட்டு மாவட்டங்களும் சூழ்ந்திருப்பினும், ஆட்சி முறையில் அது புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. கடல் கடந்து செல்லுதல் இவ்வூரார்க்குப் புதியதன்று. காரைக்கால் அம்மையாரின் கணவனாகிய பரமதத்தன் மரக்கலம் ஏறி வாணிகத்திற்குச் சென்றான் என்று பெரியபுராணம் கூறுகின்றது. அன்று மரக்கலம் சென்ற ஊரிலிருந்து, இன்று மக்கள் வானூர்தி ஏறிப் பல நாடுகளுக்கும் செல்கின்றனர்.

காரைக்கால் 1739ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. அவர்கள் ஆட்சியில் இவ்வூரார் பலர் நெடுந்தொலைவு செல்ல நேர்ந்தது. 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் ஆகிய துறைகளிலிருந்து ஏழைத் தொழிலாளர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் பிரெஞ்சு மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேற்றப்பட்டனர். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லும் அப்பாய்மரக் கப்பல்கள் மார்த்தினிக் தீவை அடைய ஏறத்தாழ மூன்று மாதமாகும். காற்றும் வெளிச்சமும் குறைந்த கீழ்த்தளத்தில் நெருங்கிக் கிடந்து சென்றவர்களுள், வழியிலேயே நோயுற்று மாண்டோரும் உளர். சென்றவர்களுட் பெரும்பாலோர் திரும்பவில்லை.

பிற்காலத்தில் நிலைமை சற்றே திருந்தியது. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்னும் நீராவிக் கப்பல் சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பல்லாண்டுகள் ஓடியது. பொருளுடையோர் அறைகளில் தங்கினர். ஏழைகளோ 'டெக்கு' எனப்படும் தளத்தில் பாய் விரித்து, மூட்டை முடிச்சுகளோடு நாட்களைக் கழித்தனர். அக்காலத்தில் குறைந்த கட்டணம் கொடுத்தவன் வெயிலையும் மழையையும் சேர்த்தே பெற்றான்.

1954 நவம்பர் முதல் நாளன்று காரைக்காலின் ஆட்சி இந்தியாவிடம் வந்தது. 1956இல் எழுதப்பட்ட ஒப்பந்தம் 1962இல் நடைமுறைக்கு வந்தபொழுது, விரும்பியோர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத காலம் வாய்ப்பளிக்கப்பட்டது. சிலர் அவ்வாறே தேர்ந்தனர். அவர்தம் வழியினர் பலர் இன்று பிரான்சில் வாழ்கின்றனர். இதனால் ஒரே குடும்பத்தில் தாய் காரைக்காலிலும் மகன் பாரிசிலும் இருத்தல் இங்கு அரிய செய்தியன்று. இத்தகைய குடும்பங்களை ஆண்டுக்கொரு முறையேனும் ஒன்றுசேர்ப்பது எது? வானூர்தியின் சிக்கன வகுப்பே ஆகும்.

வான்வழிப் பயணம் தொடக்கத்தில் செல்வர்க்கே உரியதாயிருந்தது. பம்பாயிலிருந்து இலண்டனுக்கு ஏர் இந்தியா இண்டர்நேஷனல் நிறுவனத்தின் முதல் விமானம் 1948 ஜூன் 8ஆம் நாள் புறப்பட்டது. அக்காலத்தில் எளிய குடும்பத்தினர் அத்தகைய பயணத்தைக் கனவிலும் கருதியிரார். 1952இல் அட்லாண்டிக் கடலைக் கடக்கும் விமானங்களில் கட்டணம் குறைந்த சுற்றுலா வகுப்பு ஏற்பட்டது. 1958இல் அதனினும் குறைந்த கட்டணமுடைய 'எகானமி' எனப்படும் சிக்கன வகுப்பு வந்தது. 1970இல் போயிங் 747 என்னும் பெருவிமானம் பறக்கத் தொடங்கியபின், ஒரே விமானத்தில் நூற்றுக்கணக்கானோர் செல்லலாயினர். ஒரு பயணத்தின் செலவைப் பலர் பகிர்ந்துகொண்டமையால் ஒவ்வொருவர்க்கும் கட்டணம் குறைந்தது.

சிக்கன வகுப்பில் குறைவது முதன்மையாக இடமே. முன்வரிசைச் செல்வர்க்கும் பின்வரிசை எளியவர்க்கும் விமானியும் பொறியும் ஒன்றே. சேரும் நேரமும் ஒன்றே. குறைந்த இடத்தை அறிவினாலும் பிறர்மீது கொள்ளும் பரிவினாலும் நிரப்பிக்கொள்பவர்க்கு அப்பயணம் துன்பமாவதில்லை. பேரக்குழந்தையைக் காணக் காரைக்காலிலிருந்து பாரிசுக்கு முதன்முறையாகச் செல்லும் மூதாட்டி ஒருவரை எண்ணிப் பார்ப்போர்க்கு இது தெளிவாக விளங்கும்.

அவர் முதலில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் சாலையிலோ இரயிலிலோ கடந்து சென்னையை அடைதல் வேண்டும். விமானம் புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே நிலையத்தில் இருத்தல் நலம். அங்கே கடவுச்சீட்டும் விசாவும் சரிபார்க்கப்படும். பெரிய பெட்டிகள் நிறுக்கப்பட்டு விமானத்தின் அடிப்பகுதிக்கு அனுப்பப்படும். அளவுக்கு மிஞ்சிய எடைக்குத் தனிக் கட்டணம் உண்டு. ஆதலின் வீட்டிலேயே நிறுத்துப் பார்த்துக் கட்டுதல் அறிவுடைமை.

கைப்பையில் எதனை வைப்பது, பெட்டியில் எதனை வைப்பது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். நாள்தோறும் உண்ணும் மருந்துகளும், மருத்துவர் எழுதிய சீட்டும், கண்ணாடியும், ஒரு கம்பளிச் சால்வையும் கைப்பையில் இருக்க வேண்டியவை. பெட்டி வந்துசேரத் தாமதமானாலும் மருந்து தவறலாகாதன்றோ? கைப்பேசிக்கு மின்னூட்டும் பவர் பேங்க், தீப்பற்றும் இயல்புடைய மின்கலமாதலால், பெட்டியில் வைக்கப்படலாகாது. கைப்பையிலேயே இருத்தல் வேண்டும். மாறாக ஊறுகாயும் எண்ணெயும் கைப்பையில் செல்லா. 2006இல் நீர்ம வெடிபொருள் கொண்டு விமானங்களைத் தகர்க்க முயன்ற சதி இலண்டனில் வெளிப்பட்டபின், 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட நீர்மப் புட்டிகளைக் கையில் எடுத்துச் செல்லப் பெரும்பாலான நாடுகள் தடை விதித்தன. இன்றும் பல நிலையங்களில் அவ்விதி நடைமுறையில் உள்ளது.

சென்னைக்கும் பாரிசுக்கும் இடையிலுள்ள தொலைவு ஏறத்தாழ 8000 கிலோமீட்டர். பலர் வளைகுடா நகரம் ஒன்றில் இறங்கி வேறு விமானம் மாறிச் செல்கின்றனர். முதற்பகுதி நான்கைந்து மணி நேரமும், இரண்டாம் பகுதி ஏழு மணி நேர அளவும் ஆகும். விமானம் மாறும் நிலையங்கள் மிகப் பெரியவை. ஒரு வாயிலிலிருந்து மற்றொன்றுக்கு நெடுந்தொலைவு நடக்க நேரும். நடக்க இயலாத முதியோர்க்குச் சக்கர நாற்காலி உதவி உண்டு. பயணச்சீட்டு வாங்கும்பொழுதே இதனைக் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். இதில் நாணுதற்கு ஒன்றுமில்லை.

சிக்கன வகுப்பின் இருக்கைகள் வரிசைக்கு ஒன்பது அல்லது பத்தாக அமைந்து, இரண்டு நடைவழிகளால் பிரிக்கப்பட்டிருக்கும். ஓர் இருக்கையின் அகலம் 17 அல்லது 18 அங்குலம். ஓர் இருக்கையிலிருந்து முன்னிருக்கை வரையுள்ள இடைவெளி, இருக்கையின் பருமனையும் சேர்த்து, பெரும்பாலும் 31 அங்குல அளவே. சன்னலோரத்தில் இருப்போர் மேகக் காட்சியைக் காணலாம். நடைவழியோரத்தில் இருப்போர் எளிதில் எழுந்து உலாவலாம். அடிக்கடி எழ வேண்டிய முதியோர்க்கு நடைவழி இருக்கையே ஏற்றது.

விமானம் கிளம்புமுன் இருக்கைப் பட்டையை அணியும் முறையும், உயிர்வளி முகமூடியைப் பயன்படுத்தும் முறையும் பணியாளரால் விளக்கப்படும். முகமூடி கீழே தொங்கினால் முதலில் தான் அணிந்துகொண்டு, பின்னரே குழந்தைக்கு அணிவித்தல் வேண்டும் என்பர். இது தன்னலம் போலத் தோன்றும். அவ்வுயரத்தில் உயிர்வளி கிட்டாவிடின் ஒரு நிமிடத்திற்குள் மனிதன் தெளிவிழந்துவிடுவான். தெளிவிழந்த தாய் குழந்தையைக் காப்பது எங்ஙனம்? தாய் விழித்திருத்தலே சேய்க்குப் பாதுகாப்பாகும்.

விமானம் மேலெழும்பொழுதும் இறங்கும்பொழுதும் காது அடைத்துக்கொள்ளும். தொண்டைக்கும் நடுச்செவிக்கும் இடையேயுள்ள நுண்குழல் வழியாகக் காற்றழுத்தம் சமன்படாமையே இதற்குக் காரணம். எச்சில் விழுங்கினாலும், கொட்டாவி விட்டாலும், மிட்டாய் சுவைத்தாலும் அக்குழல் திறந்துகொள்ளும். கைக்குழந்தைக்கு அவ்வேளையில் பாலூட்டுதல் நன்று.

விமானம் 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் விரைவில் பறக்கின்றது. வெளியே குளிர் சுழிக்குக் கீழ் 50 பாகைக்கும் கீழாக இருக்கும். மூச்சுவிடப் போதிய காற்றழுத்தமும் இராது. ஆதலின் காற்றை அழுத்தி உள்ளே செலுத்துகின்றனர். அவ்வாறு செலுத்தினும் உள்ளிருக்கும் அழுத்தம் கடற்கரையில் உள்ளது போன்றதன்று. 1800 முதல் 2400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருப்பதை ஒத்தது. உதகமண்டலத்தின் உயரம் 2240 மீட்டர். கடல்மட்டத்தில் வாழும் காரைக்கால் மூதாட்டி, இருக்கையைவிட்டு எழாமலே உதகைக்கு ஏறியவர் ஆகிறார். அழுத்தம் குறைவதால் வயிற்றிலுள்ள வாயு விரிந்து உப்புசம் தோன்றும். எனவே பயணத்தன்று எளிய உணவை அளவாக உண்ணுதல் வேண்டும்.

விமானத்தினுள் உள்ள காற்று மிக வறண்டது. அதன் ஈரப்பதம் 10 முதல் 20 விழுக்காட்டளவே இருக்கும். கடற்காற்றின் ஈரத்திற்குப் பழகியவர்க்கு உதடு உலரும், கண் எரியும். நாவின் சுவையுணர்வும் குறைவதால், அங்கு வழங்கும் உணவு உப்பற்றது போலத் தோன்றும். சைவ உணவு வேண்டுவோர் முன்னரே பதிவு செய்தல் வேண்டும். எல்லாவற்றினும் முதன்மையானது அடிக்கடி தண்ணீர் பருகுதல். ஆயினும் முதன்முறை செல்லும் முதியோர் சிலர் தண்ணீரைத் தொடுவதே இல்லை. பக்கத்தில் இருப்பவரை எழுப்பிக் கழிப்பறைக்குச் செல்ல நாணுவதே இதற்குக் காரணம். அந்நாணம் உடலுக்குத் தீங்கு செய்யும். வழிவிடுமாறு இன்சொல்லால் கேட்பதில் இழிவொன்றும் இல்லை. அருகில் இருப்பவர் முதியவரின் தயக்கத்தை அறிந்து, "பாட்டி, எழுந்து நடக்க வேண்டுமா?" என்று தாமே கேட்பாராயின், அதுவே சிறந்த பண்பாடு.

நெடுநேரம் காலை அசையாது வைத்திருத்தல் மற்றோர் இடர் தரும். கால் நாளங்களில் குருதி உறையக்கூடும். நான்கு மணி நேரத்திற்கு மேல் அசையாது செய்யும் பயணத்திற்குப்பின் இவ்வாபத்து ஏறத்தாழ இரு மடங்காகின்றது என்றும், எனினும் அது 6000 பேரில் ஒருவர்க்கு நேரும் அளவே என்றும் 2007இல் உலக நலவாழ்வு அமைப்பு வெளியிட்ட ஆய்வு கூறியது. பேருந்துக்கும் இரயிலுக்கும் இது பொருந்தும். அமர்ந்தவாறே குதிகாலையும் விரல்களையும் மாறிமாறி உயர்த்துதலும், இயன்றபொழுது நடைவழியில் உலாவுதலும் எளிய காப்பு முறைகள். அண்மையில் அறுவை மருத்துவம் செய்துகொண்டோரும் கருவுற்றோரும் புறப்படுமுன் மருத்துவரைக் கலந்துகொள்ளுதல் வேண்டும்.

சில வேளைகளில் விமானம் கரடுமுரடான சாலையில் செல்லும் வண்டிபோல் குலுங்கும். காற்றோட்டங்களின் மாறுபாட்டால் ஏற்படும் இக்குலுக்கலைத் தாங்கும் வண்ணமே விமானம் கட்டப்பட்டுள்ளது. பட்டை அணியாதோரே பெரும்பாலும் காயமுறுகின்றனர். ஆதலால் விளக்கு அணைந்திருப்பினும், அமர்ந்திருக்கும்வரை பட்டையைத் தளர்வாகவேனும் அணிந்திருத்தல் வேண்டும்.

இருக்கையைப் பின்னே சாய்க்குமுன் திரும்பிப் பார்ப்பதும், உணவு வேளையில் நிமிர்த்திக் கொள்வதும், அழும் குழந்தையின் தாயைச் சினந்து நோக்காதிருப்பதும் சிக்கன வகுப்பில் ஒவ்வொருவரும் கடைப்பிடிக்க வேண்டிய நெறிகள். ஒருவர் கைப்பற்றும் ஒவ்வோர் அங்குலமும் மற்றொருவர் இழப்பதே ஆகும்.

மேற்கு நோக்கிச் செல்பவர்க்குப் பகற்பொழுது நீள்கின்றது. பாரிசின் கடிகாரம் இந்தியக் கடிகாரத்திற்குக் கோடையில் மூன்றரை மணியும் குளிர்காலத்தில் நாலரை மணியும் பிந்தியது. உடலின் உள்ளே இயங்கும் காலமுறை ஒரே நாளில் மாறிவிடாது. சில நாட்கள் மாலையிலேயே உறக்கம் வரும். விடியுமுன்னே விழிப்பு வரும். பகலில் வெளிச்சத்தில் உலாவினால் இம்மாற்றம் விரைவில் பழகும். நீரிழிவுக்கு ஊசி போட்டுக்கொள்வோர் இவ்வேளை மாற்றத்தைப்பற்றி முன்னரே மருத்துவரிடம் கேட்டறிதல் இன்றியமையாதது.

இறங்கியபின் சுங்கச் சோதனை உண்டு. வேற்று நாட்டிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியையும், பால், நெய், பால்கோவா முதலிய பாற்பொருள்களையும் ஐரோப்பிய ஒன்றியத்திற்குள் கொண்டுவரலாகாது. குழந்தை உணவு போன்ற சிலவற்றிற்கே விலக்கு உண்டு. பெரும்பாலான பழங்களுக்கும் பயிர்நலச் சான்று வேண்டும். வாழை, தேங்காய், பேரீச்சை, அன்னாசி, தூரியன் ஆகியவற்றிற்கு மட்டும் அச்சான்று வேண்டுவதில்லை. ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழாக் கொண்டாடும் ஊரிலிருந்து செல்லும் மூதாட்டி, பேரனுக்கு ஒரு மாங்கனியைக்கூடப் பெட்டியில் மறைத்துச் செல்லுதல் ஆகாது. பூச்சியும் நோயும் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டின் தோட்டங்களுக்குப் பரவாதிருத்தற்கே இவ்விதி.

மூதாட்டி சோதனையைக் கடந்து வாயிலுக்கு வருகிறார். கால் சற்றே வீங்கியிருக்கிறது. கண்ணில் உறக்கம் நிறைந்திருக்கிறது. வெளியே மகனும் மருமகளும் குழந்தையோடு காத்து நிற்கின்றனர். முற்காலத்தில் கப்பலின் கீழ்த்தளத்தில் சென்றவர்களின் தாயர் மக்களை மீண்டும் கண்டிலர். இன்றோ எளிய குடும்பத்துத் தாயும் ஒரு நாளுக்குள் கடல் பல கடந்து மகனைக் காண முடிகின்றது. 17 அங்குல இருக்கையில் சில மணி நேரம் பொறுமையோடு அமர்ந்திருத்தலே அதற்கு அவர் கொடுக்கும் விலை. அப்பொறுமையை அறிவும் இன்சொல்லும் எளிதாக்குகின்றன.